எட்டு அடுப்பின் புகை

அளவு சேரவில்லை.

குருவம்மா அக்கா வீட்டின் பின்னறையில் மண்டியிட்டு, டேப்பின் முனையைச் சுவர் மூலையில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தேன். எதிர் மூலையில் ஓவர்சியர் வர்கீஸ் சார் குனிந்து அளவைப் படித்தார். வெளியே ஐப்பசி மழை. பரணில் தொங்கிய மலைப்பூண்டின் நெடியும் ஈர விறகின் புகையும் கண்ணைக் கரித்தன.

"பதிமூணு அடி பதினொண்ணு இஞ்ச்," என்றார்.

"இன்னொரு தடவை பாருங்க சார்."

பார்த்தார். அதேதான்.

அன்று வியாழக்கிழமை. திங்கட்கிழமை இதே அறையை, இதே மூலையிலிருந்து நான் அளந்திருந்தேன். பதினான்கு அடி இரண்டு அங்குலம். அளவுப் புத்தகத்தில் என் கையெழுத்திலேயே பென்சிலில் இருந்தது.

கட்டடப் படம் வரைகிறவர்கள் ஓர் அறையின் நான்கு பக்கத்தை அளப்பதோடு நிறுத்துவதில்லை. மூலைக்கு மூலை குறுக்காகவும் இரண்டு தடவை அளப்போம். அறை நேராக நிற்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்பதை அந்தக் குறுக்களவு காட்டிக்கொடுத்துவிடும்.

"துணி டேப் அல்லே மோளே. நனைஞ்சா நீளும். வேற ஒண்ணுமில்லா," என்றார் வர்கீஸ் சார், தன் மலையாளத் தமிழில்.

எனக்கும் அப்படி நம்ப ஆசைதான். ஆனால் டேப் நீண்டிருந்தால் இரண்டு குறுக்களவும் சேர்ந்து குறைந்திருக்க வேண்டும். மற்ற மூலைக்குப் போய் அளந்தோம். அது மூன்று அங்குலம் கூடியிருந்தது. ஒன்று குறைந்து, மற்றது கூடியிருக்கிறது. காலித் தீப்பெட்டியின் மேலுறையை ஓரத்தில் விரல் வைத்து அழுத்தினால் எப்படிச் சாயுமோ, அப்படி.

பக்கத்து வீட்டுக்கு ஓடி அங்கேயும் அளந்தேன். அங்கேயும் அதே பக்கமாக மூன்று அங்குலம்.

நான் அந்த அறையில்தான் மூன்று நாளாகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

பயந்து கட்டிய ஊர்

ஊரின் பெயரை வரையூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயர் வேறு. அந்த மனிதர்களின் பிள்ளைகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.

வட்டவடைக்கு முன்பே ஜீப் நின்றுவிடும். அதற்கப்புறம் கால்நடைதான். முதல் நாள் ஒரு மேட்டில் நின்று வர்கீஸ் சார் "அதா ஊரு" என்று கைகாட்டினார். எனக்கு வெறும் மலைச்சரிவுதான் தெரிந்தது. மூன்று புல்மேடுகள், ஒன்றின் கீழ் ஒன்றாக. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தபிறகு அந்தப் புல்மேடுகள் லேசாகப் புகைவது தெரிந்தது. உடம்பு சிலிர்த்துவிட்டது. அவை வீடுகள்.

பல தலைமுறைக்கு முன்னால் மதுரைச் சீமையில் ஏதோ சண்டை மூண்டபோது உயிருக்குப் பயந்து மலையேறி வந்தவர்களாம் இவர்கள். எந்தச் சண்டை, எந்த ராஜா என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். ஒன்றில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போவார்கள்: கீழேயிருந்து எவனாவது அண்ணாந்து பார்த்தால் அங்கே மனுசர் இருப்பது தெரியக்கூடாது என்றுதான் வீடுகளை அப்படிக் கட்டினார்களாம்.

அதனால்தான் சுவர் என் தோள் உயரத்துக்கு மேல் போகவில்லை. ஜன்னல் கிடையாது. வாசலில் இடுப்பை மடித்துக் குனிந்துதான் நுழைய வேண்டும். புகைபோக்கியும் இல்லை. அடுப்புப் புகை பரணில் முட்டி, பூண்டுக் கட்டுகளுக்குள் நுழைந்து, கூரைப் புல்லின் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வெளியேறும். தூரத்திலிருந்து பார்த்தால் பனி மாதிரி இருக்கும்.

மலைச்சரிவைப் படிபடியாக வெட்டி, ஒவ்வொரு படியின் ஓரத்திலும் கல்லடுக்கிச் சுவர் எழுப்பி, அதன்மேல் ஒரு வரிசை வீடுகள். மேல்வரிசையில் எட்டு வீடு. பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர். அந்தச் சுவரில் கை நுழையும் அளவுக்கு ஒரு பொந்து. ஒரு வீட்டில் நெருப்பு அணைந்துவிட்டால் அடுத்த வீட்டிலிருந்து அதன் வழியாகக் கங்கு வாங்கிக்கொள்வார்கள். எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே நீளக் கூரை. ஓர் ஆணிகூட இல்லை. மூங்கிலையும் மரத்தையும் காட்டுக்கொடியால் முறுக்கி முறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

நான் சித்திரபுரத்தில், மின்சார வாரியத்துக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா அங்கே லைன்மேன். சிமென்டும் தகரமும் பார்த்த கண்ணுக்கு அந்தக் கூரை ஒரு பெரிய கூடையைக் கவிழ்த்துவைத்த மாதிரி இருந்தது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. ஐ.டி.ஐ.யில் டிராயிங் படித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பழமை மாறாமல் பாதுகாக்க வேண்டிய ஊர்கள் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தார்கள். அதில் வரையூரும் இருந்தது. வீடு வீடாக அளந்து படம் வரைந்து வரும்படி எங்களை அனுப்பினார்கள். நல்ல காரியத்துக்குத்தானே போகிறோம் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

கல்லுக்காரர்கள்

பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டாலே வரையூரில் முகம் இறுகிவிடும்.

"மானைப் பாதுகாக்குறாக, மரத்தப் பாதுகாக்குறாக. இப்ப வீட்டப் பாதுகாக்கப் போறாகளாம். அப்ப ஆளு?" என்று முதல் நாளே கேட்டவர் மாடசாமி. குருவம்மா அக்காவின் வீட்டுக்காரர். நாற்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள். மூன்றாம் வகுப்பு வரை படித்ததால் ஊரில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரு சிலரில் அவரும் ஒருவர். அவர் வீட்டில்தான் எனக்குத் தங்க இடம் கொடுத்திருந்தார்கள். இடம் கொடுத்தது அக்கா. அவர் அதற்கப்புறம் என்னோடு இரண்டு நாள் பேசவேயில்லை.

அவர் கோபத்துக்குக் காரணம் இருந்தது. எதிர்மலை முகட்டில் கூடாரம் போட்டு ஓர் ஆபீஸின் ஆட்கள் தங்கியிருந்தார்கள். எந்த ஆபீஸ் என்று நான் எழுதப்போவதில்லை. ஊரில் அவர்களுக்குக் கல்லுக்காரர்கள் என்று பெயர். எல்லைக்கல் நடுவதுதான் வேலை. வரையூர்க்காரர்கள் யாரிடமும் பட்டா இல்லை. ஆள் குடியிருக்கும் வீட்டில் கை வைக்க மாட்டார்கள். காலி வீடு என்றால் மறுநாள் வாசலில் கல் முளைத்துவிடும். பக்கத்து மேட்டில் ஒரு குடும்பம் கல்யாணத்துக்குப் போடி வரை போய்விட்டு ஐந்தாம் நாள் திரும்பி வந்தது. வாசலுக்கு நேரே கல் நின்றதாம். உள்ளே விடவில்லையாம்.

கூடாரத்தில் ஒரு வாட்சர் காலையிலும் சாயங்காலமும் எதிர்ச்சரிவைப் பார்ப்பான். எந்தக் கூரையில் புகை வருகிறது, எதில் வரவில்லை என்று.

இப்படிப்பட்ட ஊரில்தான் நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாக நுழைந்துகொண்டிருந்தேன்.

தண்ணீர் போன இடம்

அன்று மத்தியானம் குருவம்மா அக்காவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"அக்கா, வீட்டுல ஏதாவது வித்தியாசமாத் தெரியுதா?"

அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "கதவு நாலு நாளாச் சாத்த மாட்டேங்குது. மழைக்கு ஊறிப்போச்சுன்னு இருந்தேன். ஏன் கேக்குற?"

"பக்கத்து வீட்டுல?"

"அங்கிட்டும் அப்படித்தான் சொன்னா." கையிலிருந்த ஊதுகுழலைக் கீழே வைத்தாள். "பின்னால வாய்க்கால்லயும் தண்ணி வரல."

மேல்வரிசைக்குப் பின்னால், மலையிலிருந்து இறங்கும் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வராமல் பக்கவாட்டில் திருப்பிவிட ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். மூன்று நாளாக அடைமழை. அது கரை புரண்டு ஓடியிருக்க வேண்டும்.

இரண்டு பேரும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பின்னால் ஏறினோம். வாய்க்கால் ஈரமாக இருந்ததே தவிர ஓட்டம் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனோம். ஐம்பதடி தூரத்தில் தண்ணீரின் சத்தம் கேட்டது. புல்லுக்கு நடுவே, பாம்பு நெளிந்து போன தடம்போல ஒரு பிளவு. ஒரு சாண் அகலம்கூட இல்லை. மலைத் தண்ணீர் முழுவதும் களகளவென்று அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

அக்கா கையிலிருந்த மாடு ஓட்டும் கம்பை உள்ளே விட்டாள். ஐந்தடிக் கம்பு. கடைசி வரை போயிற்று. பிடியை விட்டாள். கம்பு விழுந்த சத்தம் கேட்கவில்லை.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியில் என் வளையல் இரண்டு உடைந்தன. இறங்கி வந்த பிறகுதான் அது தெரிந்தது.

வர்கீஸ் சாரிடம் சொன்னேன். அவர் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். முகம் சாம்பலாகியிருந்தது.

"நமக்கு இப்போ எறங்கணும் மோளே. நான் போய் ஆபீசில சொல்லி ஆளக் கூட்டிட்டு வராம். நீயும் வா."

"இவங்ககிட்ட யார் சார் சொல்றது?"

"பறஞ்சா கேக்குமா? நம்மளத்தானே சம்சயம்."

அவர் கெட்டவர் இல்லை. மூன்று பிள்ளைகள் இருந்தன. அரை மணி நேரத்தில் இறங்கிவிட்டார். நானும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் முனை வரை அவர் பின்னால் போனேன். அதையும் எழுதிவிடுகிறேன். அங்கே குருவம்மா அக்காவின் சின்ன மகள் கோழியைத் துரத்திக்கொண்டு குறுக்கே ஓடினாள். "சாப்பிட வரலையா அத்தை?" என்று போகிற போக்கில் கேட்டாள். அதற்கு மேல் என் கால் நகரவில்லை.

சாவடியில்

ஊரின் மேற்கு ஓரத்தில் ஒரு பெரும்பாறையின் மேல் சாவடி இருந்தது. வழக்குப் பேசுகிற இடம். பெண்கள் உள்ளே போகிற வழக்கமில்லை. நான் படியில் நின்றேன். உள்ளே ஊர்த் தலைவர் உட்கார்ந்திருந்தார். பெரியதனம் என்று அவரைச் சொல்வார்கள். அதிகம் பேசாத மனிதர். மேல்வரிசை ஆண்கள் சுற்றி நின்றார்கள்.

அளவைச் சொன்னேன். பிளவைச் சொன்னேன். எட்டு வீட்டையும் இன்றைக்கே காலி செய்ய வேண்டும் என்றேன். காலி என்ற சொல் வாயிலிருந்து விழுந்ததும் என் தப்பு எனக்கே புரிந்தது.

மாடசாமி எழுந்தார். "பாத்தீகளா? நான் அன்னைக்கே சொன்னேன். வீட்ட அளக்குறதே எங்களக் கெளப்பத்தான். கூட வந்தவன் ஓடிட்டான். இவள விட்டுட்டுப் போயிருக்கான், எங்க கையாலயே வீட்டக் காலி பண்ண வைக்க."

"அண்ணே, அக்காவும் பாத்துச்சு. கம்பு உள்ள போச்சு."

"கம்பு போனா மலை வருமா? எங்க பாட்டன் காலத்துலருந்து நிக்கிற வீடு தாயி இது."

எனக்கு அழுகை முட்டியது. பயத்தில் வந்த அழுகை. இவர்கள் நம்பாவிட்டால் இன்றைக்கு ராத்திரி நாற்பது பேருக்கு மேல் அந்தக் கூரையின் கீழ் படுப்பார்கள்.

பையிலிருந்து அளவுப் புத்தகத்தை எடுத்தேன். முதல் பக்கத்தில் ஆபீஸ் முத்திரை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். அதில் ஒரு கட்டம்: குடியிருப்போர் விவரம்.

"மூணாவது வீடு," என்று சத்தமாகப் படித்தேன். "மாடசாமி. மனைவி குருவம்மா. ரெண்டு பிள்ளைங்க. குடியிருக்கிறார்கள். இதுல எட்டு வீட்டுக்கும் இப்படி இருக்கு. நான் நேர்ல பாத்து எழுதினது. இத நீங்களே வச்சுக்கிடுங்க. நாளைக்கு எவனாவது வந்து இது காலி வீடுன்னு சொன்னா இதக் காட்டுங்க."

மாடசாமி வாங்கிப் புரட்டினார். "இங்கிலீசுல இருக்கு. நீ என்ன எழுதியிருக்கன்னு யாருக்குத் தெரியும்?"

படியிலேயே உட்கார்ந்து எட்டுப் பக்கத்திலும் தமிழில் எழுதினேன். ஒவ்வொன்றின் கீழும் பெயரையும் தேதியையும் போட்டுக் கையெழுத்துப் போட்டேன். அரசாங்கச் சொத்து அது. வெளியாள் கையில் கொடுத்தால் வேலை போய்விடும். எழுதும்போது அது நன்றாகவே நினைவிருந்தது.

மாடசாமி ஒவ்வொரு பக்கமாக எழுத்துக் கூட்டிப் படித்தார். அதற்கு ரொம்ப நேரம் பிடித்தது. பாறையில் மழை அடிக்கிற சத்தம் மட்டும்.

பெரியதனம் கடைசியில் வாயைத் திறந்தார். "பெண்டு பிள்ளைகளும் ஆடுமாடும் சாவடிக்கு வரட்டும். ஆனா சாயங்காலம் புகை வரலைன்னா அவன் நாளைக்கே கல்லோட வந்துருவான். புத்தகத்தக் காட்டுறதெல்லாம் அப்புறம். மொதல்ல அவன் உள்ள வரக் கூடாது."

மாடசாமி புத்தகத்தை மூடிப் பெரியதனத்தின் கையில் கொடுத்தார்.

"நான் இருக்கேன்," என்றார். "எட்டு அடுப்பையும் நானே பத்த வைக்கேன். புகை வந்தா ஆள் இருக்குன்னுதான அர்த்தம்?"

"அண்ணே, வேணாம்."

"நீ சொன்னதக் கேட்டுட்டோம்ல? இது எங்க விசயம்," என்றார்.

எட்டுப் புகை

இருட்டுவதற்குள் மாடசாமியைத் தவிர மேல்வரிசை எல்லாரும் சாவடிக்கு வந்துவிட்டார்கள். பாய், பானை, ஆடு, ஒரு தொட்டில். அன்றைக்குப் பெண்களும் உள்ளே போனார்கள். குருவம்மா அக்கா வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள். அங்கிருந்து பார்த்தால் பள்ளத்துக்கு அந்தப்புறம் மேல்வரிசைக் கூரை முழுவதும் தெரியும்.

முதல் வீட்டில் புகை கிளம்பியது. வழக்கமான பனி மாதிரிப் புகை இல்லை. கறுப்பாக, கனமாக. "பச்சத் தழையப் போடுறாரு," என்றாள் அக்கா. முன்னோர்கள் புகையை ஒளித்துவைக்கக் கட்டிய கூரை அது. அவர் அதைப் பிதுக்கி வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார்.

இரண்டு. மூன்று. அவர் ஒவ்வொரு வீடாகக் குனிந்து நுழைந்து வெளியே வருவது எறும்பு போலத் தெரிந்தது. எட்டாவது புகை எழும்பியதும் அக்கா மூச்சை விட்டாள்.

ராத்திரி ஒன்றும் நடக்கவில்லை.

விடிந்தது. மழை தூறலாகக் குறைந்திருந்தது. மறுபடி எட்டுப் புகை. சாவடிக்குள் குளிரில் குழந்தைகள் இருமினார்கள். ஒரு கிழவர் என்னைப் பார்த்து, "மலை இன்னும் வரலையே தாயி?" என்று கேட்டார். கேலியாகக் கேட்டாரா, நிசமாகவே கேட்டாரா தெரியவில்லை. இரண்டு பெண்கள் பாயைச் சுருட்டத் தொடங்கினார்கள். கன்று குளிரில் நடுங்குகிறது, பூண்டு பரணில் கிடக்கிறது, எத்தனை நாள் இங்கே உட்காருவது என்றார்கள்.

"மத்தியானம் வரைக்கும் இருங்க," என்று கெஞ்சினேன். மத்தியானத்துக்கு மேல் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது.

ஒவ்வொருவர் பார்வையும் முதுகில் ஊசியாகக் குத்தியது. புத்தகத்தைக் கொடுத்தாயிற்று. எட்டுக் குடும்பத்தை வெளியேற்றியாயிற்று. என் கணக்கு தப்பாக இருந்துவிட்டால்? துணி டேப்தானே, நனைந்திருக்குமோ? தரையில் விரலால் முக்கோணம் போட்டு மறுபடி மறுபடி கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் நாய்கள் குரைப்பை நிறுத்தின. அதற்கு முன் அவை குரைத்துக்கொண்டிருந்ததே நின்ற பிறகுதான் உறைத்தது.

அக்கா எழுந்து நின்றாள்.

எட்டுப் புகையும் நேராகத்தான் மேலே போய்க்கொண்டிருந்தன. அப்புறம் எட்டும் சேர்ந்து, ஒரே சீராக, இடது பக்கம் நகர்ந்தன. காற்று என்றுதான் முதலில் நினைத்தேன். புகையின் அடியைப் பார்த்தேன். கூரை நகர்ந்துகொண்டிருந்தது. நீளமான அந்தப் புல்மேடு, எங்கேயும் உடையாமல், ஆற்றில் மிதக்கும் பரிசல்போல அசைந்து இறங்கியது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. காலடியில் பாறை நடுங்கியது.

மண் நடு வரிசை வீடுகளுக்குப் பின்னாலிருந்த கல்கட்டில் மோதி நின்றது; அந்த வீடுகளைத் தொடவில்லை. தெறித்த செம்மண்ணும் புகையும் கலந்து ஒன்றும் தெரியவில்லை.

அக்கா கத்தவில்லை. ஓடினாள்.

கூரையின் கீழே

நானும் ஓடினேன். சேற்றில் முழங்கால் வரை புதைந்தது. சுவர்கள் கரைந்து மண்ணோடு மண்ணாகியிருந்தன. கூரை மட்டும் இரண்டு துண்டாக, கவிழ்த்த கூடையாகவே கிடந்தது. ஆணியடித்த கூரையாக இருந்தால் பலகை பலகையாகப் பிளந்து ஆளைக் குத்திச் சிதைத்திருக்கும் என்று வர்கீஸ் சார் பின்னால் ஒருநாள் சொன்னார். கொடியில் முறுக்கிய கட்டு வளைந்ததே தவிர அவிழவில்லை.

"மாடசாமீ!" என்று ஆண்கள் கூப்பிட்டார்கள். பதில் இல்லை.

பெரியதனம் கையை உயர்த்தி எல்லாரையும் அமைதியாக்கினார். அந்த அமைதியில் நின்றபோது எனக்கு ஏற்பட்ட பயத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் அனுபவித்ததில்லை.

கூரையின் ஓரத்தில் ஓரிடத்தில் புல்லிடுக்கில் இன்னும் புகை வந்துகொண்டிருந்தது. ஏதோ ஓர் அடுப்பு உள்ளே அணையாமல் கிடந்தது. ஆள் உயிரோடிருந்தால் மூச்சு முட்டியே செத்துவிடுவான். அரிவாளால் புல்லை வெட்டிப் பிய்த்தார்கள். பெண்கள் கையாலேயே பிய்த்தோம். என் நகக்கண்ணில் ரத்தம் வந்தது.

உள்ளேயிருந்து இருமல் கேட்டது.

பூண்டுக் கட்டுகளுக்கும் மூங்கிலுக்கும் நடுவே, ஒரு பெட்டிக்குள் கிடப்பதுபோல, மாடசாமி கிடந்தார். கண் சிவந்து, முகம் கரியாகி. இடது கால் ஒரு கல்லுக்கு அடியில் இருந்தது. அக்காவைப் பார்த்ததும் கேட்டார்:

"புள்ளைக எங்க?"

"சாவடியில." அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள்.

கட்டிலில் வைத்துச் சுமந்து இறக்கினார்கள். பாதி வழியில் வர்கீஸ் சார் ஆட்களோடு எதிரே வந்தார். மாடசாமியின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டியதாயிற்று. வேறு யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை.

ஒரு கையெழுத்து

அளவுப் புத்தகம் எங்கே என்று ஆபீசில் கேட்டார்கள். மண்சரிவில் போய்விட்டது என்று எழுதிக் கொடுத்தேன். ஒருவரும் சந்தேகப்படவில்லை. வர்கீஸ் சாரிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

சில மாதங்கள் போயின. எட்டுக் குடும்பமும் அதே இடத்துக்குச் சற்றுத் தள்ளி, பாறைப் பக்கமாகப் பழைய முறையிலேயே வீடு கட்டத் தொடங்கின. கல்லுக்காரர்கள் தடுத்தார்கள். வீடு இல்லாதவர்களுக்கு அங்கே என்ன பாத்தியம், அங்கே எட்டு வீடு இருந்ததற்கு என்ன ஆதாரம் என்று வழக்கு வந்தது. விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள்.

முந்தின நாள் அப்பா சொன்னார்: "உன் கையெழுத்து இல்லன்னு சொல்லிரு. புத்தகம் போச்சுன்னு எழுதிக் கொடுத்துட்டு இப்ப ஆமான்னா வேலை நிக்காது. உனக்குக் கீழ ரெண்டு தங்கச்சி இருக்கு." நானும் சரி என்றுதான் கிளம்பினேன்.

அறையில் மேஜைமேல் அந்தப் புத்தகம் இருந்தது. புகை ஏறிப் பழுப்பாகியிருந்தது. சுவரோரம் பெரியதனம், குருவம்மா அக்கா, கக்கத்தில் கட்டை ஊன்றி மாடசாமி. அக்கா என்னையே பார்த்தாள். மாடசாமி மட்டும் வேண்டுமென்றே முகத்தைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். என்மேல் தன் பார்வை விழக்கூடாது என்று அவர் நினைத்தது எனக்குப் புரிந்தது.

அதிகாரி மூன்றாவது வீட்டின் பக்கத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினார். "இது உங்க கையெழுத்தா?"

அந்தப் பக்கத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

"ஆமாம்," என்றேன். "எட்டும் என்னுதுதான்."

அடுத்த வாரமே என்னை சஸ்பெண்ட் செய்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் வீட்டில் இருந்தேன். அப்புறம் வேறு ஊரில், வேறு மேஜையில் திரும்பவும் சேர்த்துக்கொண்டார்கள். வரையூரில் எட்டு வீடும் எழும்பின. பாதுகாக்க வேண்டிய ஊர்களின் பட்டியலில் அவை இன்றைக்கும் இருப்பதாகக் கேள்வி. பழைய வீடு என்று எண்ணி ஆட்கள் படம் எடுக்கிறார்களாம்.

விசாரணை முடிந்த அன்று பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது மாடசாமியின் பக்கத்தில் போய் நின்றேன். யாரிடமும் சொல்லாத ஒன்றை அவரிடம் மட்டும் சொல்லியாக வேண்டும் என்று இருந்தது.

"அண்ணே, அன்னைக்குச் சாவடியில எல்லாரும் என்னையே பாத்தாங்க. எனக்குத் தாங்கல. நீங்க உள்ள இருக்கீங்கன்னு தெரிஞ்சும்... மலை விழுந்துரணும்னு ஒரு நிமிசம் வேண்டிக்கிட்டேன்."

அவர் கட்டையை மற்றக் கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

"மலை விழக்கூடாதுன்னுதான் நான் வேண்டிக்கிட்டு இருந்தேன் தாயி," என்றார். "சாமிக்கு உன் சத்தந்தான் கேட்டிருக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். குருவம்மா அக்காவும் சிரித்தாள். பஸ் வந்தது. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடம் கழித்தும் வரவில்லை.